ஹாஃப் மூன் பேக்கு பம்கின் ஃபார்ம் போறீங்களா? கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்கற கேள்விகள்

செப்டம்பர் கடைசி ஆச்சுன்னா கலிஃபோர்னியா பே ஏரியா தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் இதே பேச்சுதான். எந்த ஃபார்ம், எப்போ போகலாம், பாட்டியால நடக்க முடியுமா, வாங்கிட்டு வந்த காயை என்ன பண்றது. ஒவ்வொருத்தருக்கா பதில் டைப் பண்றதுக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன். ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், ஃபோட்டோ நல்லா எடுங்க, குழந்தைங்க ஆசைப்படற காயை வாங்கிக் கொடுங்க, ஆனா திரும்பி வரும்போது சமைக்கறதுக்குன்னு ஒரு காயாவது கார்ல இருக்கணும். புளிக்குழம்பு, பால் கூட்டு, அல்வான்னு இத்தனை விதமா பரங்கிக்காய் சாப்பிட்டு வளர்ந்த நாம அதை வாசப்படியில வச்சு அழுகவிட்டு தூக்கிப் போடறதுக்கு எனக்கு மனசே வரல.

இத்தனை இடம் இருக்கு, ஏன் ஹாஃப் மூன் பே?

சான் ஹோசே பக்கம், லிவர்மோர் பக்கம், டிக்ஸன் பக்கம்னு நிறைய இடம் இருக்குதான். ஆனா ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவுல வரிசையா பம்கின் வயல்னு இருக்கறது இங்கதான். ஹைவே 92-ல மலை இறங்கினதுமே ரெண்டு பக்கமும் ஆரஞ்சா தெரிய ஆரம்பிச்சுடும். லெமோஸ் ஃபார்ம் 92 மேலயே இருக்கு, குட்டி ரயில், போனி சவாரி, ஆட்டுக்குட்டின்னு சின்ன பசங்களுக்கு ஏத்தது. ஹைவே 1-ல தெற்கால போனா அராட்டா ஃபார்ம், 1932-லேருந்து நடத்தறாங்க, வைக்கோல் கட்டை அடுக்கிக் கட்டின மேஸ், அதாவது வழி தேடி வெளிய வர்ற புதிர்ப்பாதைதான் அங்க ஸ்பெஷல். வடக்கால ஃபார்மர் ஜான்ஸ், அங்க ரைட் எல்லாம் பெருசா எதிர்பார்க்காதீங்க, ஆனா காய் ரகம் நிறைய, சமைக்கறதுக்குன்னு தேடிப் போறவங்க நேரா அங்க போயிடலாம். 5 வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா லெமோஸ், அதுக்கு மேலன்னா மத்த ரெண்டும், இது என்னோட அபிப்பிராயம். டிக்கெட், பார்க்கிங் விலை வருஷா வருஷம் மாறுது, சில இடத்துல நேரம் குறிச்சு ஆன்லைன்ல வாங்கணும், முந்தின நாள் அவங்க வெப்சைட்டை ஒரு தடவை பாத்துடுங்க.

எந்த நாள் போனா கூட்டம் கம்மி?

வீக்டேல லீவு போட முடிஞ்சா அதுதான் உத்தமம். முடியலன்னா சனிக்கிழமை ஃபார்ம் திறக்கற நேரத்துக்கே போய் நிக்கணும், 11 மணிக்கு மேல கிளம்பினீங்கன்னா 92-ல ஊர்ந்து ஊர்ந்துதான் போவீங்க, பின் சீட்ல குழந்தை அழ ஆரம்பிச்சா திரும்பவும் முடியாது, மலை ரோடு, பாதி தூரம் ஒரு பக்கத்துக்கு ஒரே லேன்தான்.

அக்டோபர் நடுவுல ஒரு சனி ஞாயிறு ஆர்ட் அண்ட் பம்கின் ஃபெஸ்டிவல் வரும், 1971-லேருந்து நடக்குது, மெயின் ஸ்ட்ரீட்டையே மூடிடுவாங்க. திருவிழா பாக்கணும்னு ஆசை இருந்தா கருக்கல்லயே கிளம்பிப் போங்க, நல்லாவே இருக்கும். ஃபார்ம் மட்டும்தான் பாக்கணும்னா அந்த வீக்கெண்டை கண்டிப்பா விட்டுடுங்க.

என்னைக் கேட்டா அக்டோபர் முதல் ரெண்டு வாரம். காய் எல்லாம் புதுசா இருக்கும், பொறுக்கி எடுக்க நிறைய இருக்கும், அதுலயும் சமையல் ரகம்தான் முதல்ல தீர்ந்துபோகும்.

ஃப்ரீமாண்ட்லேருந்து எப்படி போறது?

சான் மட்டேயோ பிரிட்ஜ் ஏறி அப்படியே 92-லயே நேரா. போகும்போதுதான் டோல், வரும்போது கிடையாது, டோல் தானா கட்டற ஃபாஸ்ட்ராக் கருவி கார்ல இருக்கான்னு பாத்துக்கோங்க. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருக்கறவங்க பசிஃபிக்கா வழியா ஹைவே 1-ல வரலாம். முன்னாடி அந்த வழியில டெவில்ஸ் ஸ்லைடுன்னு ஒரு இடம் மழைக்கு அடிக்கடி சரிஞ்சு ரோடே மூடிடும், 2013-ல டனல் திறந்ததுக்கு அப்பறம் அந்தத் தொந்தரவு போச்சு. கடல் பாத்துட்டே வரலாம்ங்கறதால ஊர்லேருந்து வந்த பெரியவங்களுக்கு அந்த வழி ரொம்பப் பிடிக்கும். வளைவுல தலை சுத்தறவங்களுக்கு 92, ஹைவே 1 ரெண்டுமே கொஞ்சம் சிரமம்தான், முன் சீட் கொடுத்துடுங்க.

அம்மா அப்பா ஊர்லேருந்து வந்திருக்காங்க, அவங்களுக்கு இதுல பாக்க என்ன இருக்கு?

நிறைய இருக்கு. விவசாயம் தெரிஞ்ச பெரியவங்களா இருந்தா குழந்தைங்களை விட அவங்கதான் அதிகம் ரசிப்பாங்க. எங்க மாமனார் வரப்புல குனிஞ்சு காஞ்ச கொடியைக் கையில எடுத்து, இலை மேல மாவு தூவின மாதிரி வெள்ளையா இருந்ததைப் பாத்துட்டு, “இது சாம்பல் நோய்ப்பா, நம்ம ஊர்ல பனிக்காலத்துல வரும், இங்க கடல் பனி இருக்கு, வராம இருக்குமா”ன்னு சொல்ல, பக்கத்துல நின்ன என் பையன் அன்னைக்குப் பூரா தாத்தா பின்னாடியேதான் சுத்தினான். தரையோட கிடந்த ஒரு கடைசிப் பூவைக் காட்டி, காம்புக்கு மேல குட்டிக் காய் மாதிரி உருண்டையா இருந்தா பெண் பூ, வெறும் காம்பா நீட்டமா இருந்தா ஆண் பூ, தேனீ வந்து மகரந்தம் கொண்டு போனாத்தான் காய் பிடிக்கும்னு சொல்லிக் கொடுத்தார். மார்கழி கோலத்துல சாணி உருண்டை மேல சொருகற பூ இதேதான்னு மாமியார் சொன்னாங்க, அது குழந்தைங்களுக்குப் புதுச் செய்தி.

நடக்கறது பத்தி சொல்லணும்னா, தரை மேடு பள்ளமாத்தான் இருக்கும், கொடி காலைத் தடுக்கும். முட்டி வலி இருக்கறவங்களை வயலுக்குள்ள ரொம்ப தூரம் கூட்டிட்டுப் போகாதீங்க, ஓரத்துல வைக்கோல் கட்டு போட்டிருப்பாங்க, அதுல உக்காந்து வேடிக்கை பாக்கலாம், வைக்கோல் குத்தும், மேல விரிக்க ஒரு துண்டு எடுத்துட்டுப் போங்க. டாய்லெட் பெரும்பாலும் பிளாஸ்டிக் கூண்டுதான், வழியிலயே எங்கயாவது நிறுத்தி போயிட்டு வந்துடறது நல்லது.

என்ன டிரெஸ்? சாப்பாடு எடுத்துட்டுப் போகலாமா?

நம்ம வீட்ல வெயில் கொளுத்தும், அங்க இறங்கினா குளிர் காத்து. அக்டோபர்லயும் மதியம் 65 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம்தான் இருக்கும், காலையில மூடுபனி. ஸ்வெட்டர் கட்டாயம். செருப்பு வேண்டாம், மூடின ஷூ போடுங்க. பட்டுப் பாவாடை போட்டு ஃபோட்டோ எடுக்கணும்னா ஃபோட்டோ முடிஞ்சதும் மாத்த இன்னொரு டிரெஸ் வச்சுக்கோங்க, மண்ணும் வைக்கோலும் ஒட்டிக்கும். வைக்கோல் தூசி ஒத்துக்காத குழந்தைக்கு டாக்டர் கொடுத்த மருந்தை பையில போட்டுக்கோங்க. ஆட்டுக்குட்டியைத் தொட்டா சோப்பு போட்டுத்தான் கை கழுவணும், சானிடைசர் அதுக்கு போதாது, குட்டிக் குழந்தை விரல் சூப்பற பழக்கம் இருந்தா இதுல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க.

சாப்பாடு சில ஃபார்ம்ல உள்ள விட மாட்டாங்க. உள்ள கிடைக்கறது பாப்கார்ன், சுட்ட சோளம் மாதிரி ஐட்டம்தான். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் கட்டிக்கிட்டு ஃபார்ம் முடிச்சுட்டு ஹாஃப் மூன் பே ஸ்டேட் பீச்சுக்குப் போயிடுங்க, பிக்னிக் டேபிள் இருக்கு. ஆனா ஒண்ணு, அந்தக் கடல் மெரினா இல்ல. தண்ணி ஐஸா இருக்கும், திடீர்னு ஒரு பெரிய அலை வந்து ஆளை இழுத்துட்டுப் போற கடற்கரை அது. கடலுக்கு முதுகு காட்டி நின்னு ஃபோட்டோ எடுக்கவே கூடாது, குழந்தைங்களைக் கால் நனைக்க விட்டாக்கூட கையை விடாதீங்க.

கொடியிலேருந்து நாமளே பறிக்கலாமா?

ஃபார்மைப் பொறுத்தது. சில இடங்கள்ல நிஜமாவே அங்கயே விளைஞ்ச காய், சில இடங்கள்ல வேற வயல்ல அறுத்துக் கொண்டுவந்து புல் மேல பரப்பி வச்சிருப்பாங்க. கண்டுபிடிக்கறது சுலபம், காயைச் சுத்தி காஞ்ச கொடியும் இலையும் இருக்கா, காய் மண்ணுல படிஞ்ச இடத்துல வெளிர் மஞ்சளா ஒரு திட்டு இருந்து அது கீழ் பக்கமா இருக்கான்னு பாருங்க. பரப்பி வச்சதை வாங்கறது தப்பே இல்ல, ஆனா குழந்தைக்கு வயல் காட்டணும்னு கூட்டிட்டுப் போறவங்க முன்னாடியே ஃபோன் பண்ணிக் கேட்டுடுங்க.

விலை கடையை விட அதிகமா இருக்கே, சேஃப்வேல வாங்கிக்கலாமே?

கடையில மலிவுதான், ஒத்துக்கறேன். ஆனா மே கடைசியில விதை போட்டு, 100 நாளுக்கு மேல தண்ணி கட்டி, அக்டோபர் ஒரு மாசத்துல வித்து முடிக்கணும். பம்கின்ல முகம் செதுக்கி விளக்கு வைக்கற ஹாலோவீன் பண்டிகை அக்டோபர் 31-ஓட முடிஞ்சுடும், நவம்பர் 1-ஆம் தேதி அந்த ஆரஞ்சு காயை யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. மொத்த வியாபாரிக்குக் கொடுத்தா ஒரு காய்க்குக் கிடைக்கறது ரொம்பக் கம்மி, நேரா நம்மகிட்ட வித்தாத்தான் அவங்களுக்குக் கட்டுப்படி ஆகும். வீட்டு மனை விலை இப்படி ஏறிக் கிடக்கற ஊர்ல இன்னும் வயலா வச்சிருக்காங்களே, அதுக்காகவே நான் அங்க வாங்குவேன். டிக்கெட் வாங்கி உள்ள போய் ஃபோட்டோ மட்டும் எடுத்துட்டு வழியில காஸ்ட்கோல காய் வாங்கறது எனக்குச் சரியாப் படல.

சமைக்க எந்த ரகம் எடுக்கணும்?

இதுதான் முக்கியமான கேள்வி, எல்லாரும் கோட்டை விடறதும் இங்கதான். நடுவுல பெருசா ஆரஞ்சா குவிச்சு வச்சிருக்கறது வெட்டி முகம் செதுக்கறதுக்குன்னே வளர்த்த ரகம். சுவர் மெலிசு, உள்ள நார், நீர்ச்சத்து அதிகம், இனிப்பே இருக்காது. சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா கூட்டு வச்சா சளசளன்னு இருக்கும், “அமெரிக்கா பரங்கிக்காய் நல்லால்ல”ன்னு பேர் வாங்கறது இந்தக் காயாலதான்.

நீங்க தேட வேண்டியது ஓரத்துல இருக்கும். லாங் ஐலண்ட் சீஸ்னு ஒண்ணு, தட்டையா, வரிவரியா, பழுப்பும் சந்தனமும் கலந்த நிறம். நம்ம ஊர் பரங்கிக்காயும் இதுவும் ஒரே இனம், குக்குர்பிட்டா மோஸ்சாட்டா. வெட்டினா அதே அடர்த்தி, அதே வாசனை, புளிக்குழம்புக்கு இதை விட்டா வேற வேண்டாம். பட்டர்நட்டும் அதே இனம்தான், வருஷம் பூரா கடையில கிடைக்கும். அடுத்தது கபோச்சா, கரும்பச்சை, ஜப்பான்காரங்க விரும்பி சாப்பிடறது, வேகவச்சா மாவா சக்கரவள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கும், தோலோட சாப்பிடலாம், பொரியலுக்கும் பால் கூட்டுக்கும் பிரமாதம். ஜாரடேல்னு நீலமும் சாம்பலும் கலந்த காய் பாக்க விநோதமா இருக்கும், உள்ள நல்ல ஆரஞ்சு, இனிப்பு, அல்வாக்கு எடுங்க. சிண்ட்ரெல்லான்னு சொல்ற சிவப்புத் தட்டைக் காய் சூப்புக்கு ஓகே. சுகர் பம்கின்னு 2, 3 கிலோல உருண்டையா குட்டியா இருக்கறது பை (pie)ங்கற இனிப்புப் பண்டம் பண்றதுக்கு, சாம்பார்ல போடலாம்.

இன்னொரு விஷயம், பை பண்ண டின்ல வருதே லிபீஸ், அதுவும் பழுப்பு நிற மோஸ்சாட்டா இனம்தான், இல்லினாய்ஸ்ல மார்ட்டன்ங்கற ஊர்ல டின் பண்றாங்க. அதனால அல்வா அவசரமா கிளறணும்னா அந்த டின் தைரியமா வாங்கலாம், சர்க்கரை மசாலா சேர்த்த டின்னும் பக்கத்துலயே இருக்கும், அதை எடுத்துடாதீங்க.

நல்ல காயான்னு எப்படி பாக்கறது?

நகத்தால லேசா அழுத்துங்க, தோல்ல பதியக்கூடாது. காம்பு கெட்டியா ஒட்டி இருக்கணும், காம்பைச் சுத்தியும் அடியிலயும் மெத்துன்னு இருந்தா வேண்டாம். தட்டினா வெத்துப் பானை சத்தம் வரணும். காம்பைப் பிடிச்சு மட்டும் தூக்காதீங்க, முறிஞ்சுதுன்னா அந்த ஓட்டை வழியா அழுக ஆரம்பிச்சுடும், குழந்தைங்க கைப்பிடின்னு நினைச்சு அதைத்தான் முதல்ல பிடிப்பாங்க. வீட்ல கான்க்ரீட் தரையில நேரா வைக்காம அட்டை மேல வைங்க, வெயில் படாத குளுமையான இடத்துல நல்ல காய் ரெண்டு மூணு மாசம் தாங்கும், பொங்கலுக்கு ஏழுகறிக் கூட்டு வைக்க இதையே எடுத்து வச்சுக்கறவங்க இருக்காங்க.

கையளவு கலர் கலரா கோடு போட்டு, முண்டு முண்டா இருக்கே, அதை சமைக்கலாமா?

கூடவே கூடாது. அது அலங்கார கோர்ட் (gourd), அழகுக்குன்னே வளர்க்கற காய், கொலுப் படியில வைக்க அழகா இருக்கும், அதோட சரி. அதுல குக்குர்பிட்டாசின்னு ஒரு கசப்புச் சத்து இருக்கு, வாந்தி பேதின்னு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் விட்டுடும், வேகவச்சாலும் போகாது. நம்ம ஊர்ல கசப்பு சுரைக்காயைத் தூக்கிப் போடணும்னு பாட்டி சொல்றது இதே காரணம்தான். எந்தப் பரங்கிக்காயா இருந்தாலும் வெட்டினதும் துளி நாக்குல வச்சுப் பாருங்க, கசந்தா துப்பிட்டு முழுசையும் குப்பையில போடுங்க.

தோல் கல்லா இருக்கு, வெட்டவே முடியலயே?

ரெண்டு மூணு இடத்துல கத்தியால குத்திட்டு மைக்ரோவேவ்ல 3 நிமிஷம் வச்சு எடுங்க, இளகிடும். பெரிய காய்னா முதல்ல ரெண்டாப் பிளந்து, வெட்டின தட்டைப் பக்கத்தைப் பலகையில வச்சு, வரி ஓடற பக்கமாவே பத்தை போடுங்க, காய் உருளாது, கையும் தப்பும்.

பால் கூட்டு சொல்றேன், கபோச்சால. துண்டு போட்டு துளி உப்பு, காய் பாதி முங்கற அளவு தண்ணி விட்டு வாணலியில வேகவைங்க, குக்கர் வேண்டாம், கொஞ்ச நேரத்துல வெந்துடும், குக்கர்ல போட்டா களி ஆயிடும். கால் கப் தேங்காய், ஒரு ஸ்பூன் அரிசி, ஒரு காஞ்ச மிளகாய் அரைச்சு ஊத்தி கொதி வந்ததும் ஒரு கப் பால் விட்டு சிம்ல வைங்க. அடுப்பை அணைச்சு கொஞ்சம் ஆறினதுக்கு அப்பறம்தான் வெல்லம் போடணும், கொதிக்கும்போது போட்டா பால் திரிஞ்சுடும். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தேங்காய் எண்ணெய்ல தாளிச்சா முடிஞ்சுது. மிச்சம் இருந்தா மறுநாள் அடைக்குத் தொட்டுக்க இன்னும் நல்லா இருக்கும்.

விதையைத் தூக்கிப் போடாதீங்க. நார் போகக் கழுவி, துணியில பரப்பி நல்லா காயவிட்டு, உப்பு மிளகாய்த்தூள் துளி எண்ணெய் பிசறி 300 டிகிரி ஃபாரன்ஹீட் அவன்ல பொன்னிறமா வறுங்க. ஈரத்தோட வச்சா மொறுமொறுப்பே வராது.

உலகத்துலயே பெரிய பம்கின் இங்க வரும்ங்கறாங்களே?

ஆமா, அக்டோபர் ரெண்டாவது திங்கட்கிழமை, கொலம்பஸ் டே அன்னைக்கு எடை போடற போட்டி, 1974-லேருந்து நடக்குது. ஃபோர்க்லிஃப்ட்ல தூக்கிட்டு வந்து தராசுல வைப்பாங்க. 2023-ல மினசோட்டால அனோக்காங்கற ஊர்லேருந்து டிராவிஸ் கீங்கர் கொண்டுவந்த காய் 2,749 பவுண்ட், அதாவது கிட்டத்தட்ட 1,247 கிலோ, அந்த நேரத்துக்கு அதுதான் உலக சாதனை, பரிசு 30,000 டாலர். தோட்டக்கலை சொல்லித் தர வாத்தியார் அவர். இந்த ராட்சசக் காய் எல்லாம் அட்லாண்டிக் ஜெயண்ட் விதை வழி வந்தது, கனடால நோவா ஸ்கோஷியால ஹோவர்ட் டில்ங்கற விவசாயி உருவாக்கினது. உருண்டையா இருக்காது, தன் எடையிலயே சப்பையா படுத்துக் கிடக்கும். பசங்களுக்கு அன்னைக்கு ஸ்கூல் லீவா இருந்தா கண்டிப்பா காட்டுங்க.

சோள மேஸ் போகணும்னா?

ரொம்பப் பெருசு வேணும்னா டிக்ஸன்ல கூல் பேட்ச், ஐ-80 ஓரத்துலயே. 2014-ல 60 ஏக்கர்ல போட்டு கின்னஸ்ல வந்தது, உள்ள மாட்டிக்கிட்டு அவசர உதவிக்கு 911-க்கு ஃபோன் பண்ணவங்க உண்டு. மேப் கொடுப்பாங்க, ஃபோன்ல சார்ஜ் இருக்கணும், தண்ணி பாட்டில் கட்டாயம், கடற்கரை மாதிரி இல்ல, அங்க வெயில் தாங்காது.

ஹாலோவீன் நம்ம பண்டிகை இல்லையே, முகம் செதுக்கி விளக்கு வைக்கணுமா?

இஷ்டம்தான். அயர்லாந்துல டர்னிப்ல செதுக்கி விளக்கு வச்ச பழக்கம், அங்கேருந்து வந்தவங்க இங்க விளையற பம்கின்ல செய்ய ஆரம்பிச்சாங்க, அவ்வளவுதான். 2024-ல தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள், அக்டோபர் 31, எங்க தெருவுல பாதி வாசல்ல பம்கினும் அகல் விளக்கும் ஒண்ணா எரிஞ்சுது, சாக்லேட் வாங்க வந்த பசங்க கையில முறுக்கும் போச்சு, எனக்கு அந்த ராத்திரி ரொம்பப் பிடிச்சுது.

செதுக்கறதா இருந்தா 2, 3 நாள் முன்னாடி மட்டும் பண்ணுங்க, பே ஏரியா வெயிலுக்கு ஒரு வாரம் தாங்காது, உள்ள பூஞ்சை பிடிச்சுடும். மெழுகுவர்த்திக்கு பதிலா பேட்டரி விளக்கு. குட்டிப் பசங்க பெயிண்ட் அடிக்கட்டும், மார்க்கர்ல வரையட்டும், கத்தி வேண்டாம். முடிஞ்சதும் மக்கற குப்பை போடற பச்சைத் தொட்டியில போடுங்க, பெயிண்ட் அடிச்சது மட்டும் சாதாரண குப்பையில.

அந்த விதையை நம்ம பேக்யார்டுல போட்டா வருமா?

முளைக்கும், ஆனா தாய்க்காய் மாதிரியே காய்க்கும்னு சொல்ல முடியாது. ஃபார்ம்ல பத்து ரகம் பக்கத்து பக்கத்துல இருக்கும், தேனீ எந்தப் பூ மகரந்தத்தை எங்க வச்சுதோ. ஆரஞ்சு பம்கினும் அலங்கார கோர்ட்டும் ஒரே இனம்ங்கறதால ரெண்டும் கலந்து கசப்புக் காய் வர்ற வாய்ப்பு இருக்கு. அதனால சாப்பிடறதுக்குன்னா சீஸ் ரகம் விதை பாக்கெட் வாங்கிப் போடுங்க, மே கடைசியில போட்டா அக்டோபர்ல அறுக்கலாம், கொடி 10 அடிக்கு மேல ஓடும், வேலி ஓரமா இடம் விடுங்க. காய் பிடிக்கலன்னா காலையில பூ விரிஞ்சதும் ஆண் பூவைப் பறிச்சு இதழை உரிச்சுட்டு பெண் பூ நடுவுல தடவிவிடுங்க, 10 மணிக்கு மேல பூ மூடிக்கும்.